காதில் நிற்காத இயர்போனில் நல்ல சத்தம் வராது

விலை குறைந்த இயர்போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "பேஸ் எப்படி?" என்றுதான், அதாவது பாட்டின் கீழ்சத்தம் எப்படி என்று. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "அதைக் காதில் போட்டுக்கொண்டு ஒருதரம் கொட்டாவி விட்டுப் பார்த்தீர்களா?" வாயைத் திறந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் காதுத் துவாரத்தின் வடிவமும் கொஞ்சம் மாறும், முனையில் இருக்கும் சிலிக்கோன் ரப்பர் உங்கள் அளவுக்குச் சரியாக இல்லையென்றால் அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன இடைவெளி விழும், அதோடு பேஸ் போய்விடும். பாட்டு ஒல்லியாகிவிடும். அதே இயர்போனை இன்னொருவர் போட்டுப் பார்த்துவிட்டு "நல்ல பேஸ்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், இரண்டு பேருக்கும் காது வேறு.

அதனால் சத்தத்துக்கு ஒரு மார்க், சௌகரியத்துக்கு ஒரு மார்க் என்று பிரித்துப் போடுவதை நான் விட்டுவிட்டேன். இலங்கையில் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறவற்றில் பெரிய வித்தியாசம் வருவது அது உங்கள் காதில் எப்படி உட்காருகிறது என்பதில். உள்ளே சத்தத்தை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர், அதாவது டிரைவர், என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் கொழும்பில் வெள்ளவத்தையில் இருப்பவள், வேலை கொள்ளுப்பிட்டியில். காலையும் மாலையும் காலி வீதி பஸ், இடையில் அலுவலகத்தில் மணிக்கணக்கான கோல்கள், இரவில் கொஞ்சம் பாட்டு என்று நாளில் பாதி நேரம் காதில் ஏதாவது ஒன்று இருக்கும். அம்மாவுக்கு, தம்பிக்கு, மாமாவின் பிள்ளைகளுக்கு, அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்று பார்த்து வாங்கிக் கொடுக்கும் வேலையும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, அதைச் சந்தோஷமாகத்தான் செய்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போன பிறகு, முன்பு யோசிக்காமல் வாங்கிய சாமானெல்லாம் யோசித்து வாங்கும் சாமானாகிவிட்டது. படிக்கிற பிள்ளை சேர்த்து வைத்த காசில் வாங்குகிற பொருள் ஒரு மாதத்தில் மேசை லாச்சிக்குள் போய்க் கிடக்கக்கூடாது.

சரி, காதுக்கு வருவோம். பெட்டிக்குள் மூன்று சோடி ரப்பர் இருக்கும், சிறியது, நடுத்தரம், பெரியது. பெரும்பாலானவர்கள் ஏற்கனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தை அப்படியே பாவிக்கிறார்கள், மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போகும். தயவு செய்து மூன்றையும் போட்டுப் பாருங்கள், அதுவும் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குச் சிறியது. வலது பக்கத்தில் நடுத்தரத்தைப் போட்டால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் துவாரத்தின் வாயில் ஒரு இறுக்கம் தொடங்கும், பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் கழற்றிவிடத் தோன்றும்.

போடும் விதமும் இருக்கிறது. மற்றக் கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இயர்போனை உள்ளே வைத்துக் கொஞ்சம் திருப்பி, பிறகு மடலை விடுங்கள். துவாரம் நேராகி ரப்பர் ஒழுங்காகப் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க, ஏதாவது கதைத்துப் பாருங்கள், குடத்துக்குள் இருந்து கதைப்பது போல உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால் அடைப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, விரலால் இயர்போனை மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடுகிறது, விட்டால் குறைகிறது என்றால் ரப்பர் பொருந்தவில்லை. அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் அந்த ரப்பரை மாற்றாதீர்கள். மூன்று அளவுமே சரிவராதவர்களுக்குத் தனியாக ரப்பர் விற்கிறார்கள், பஞ்சு மாதிரியான ஃபோம் முனைகளும் கிடைக்கும். விரலால் நசுக்கி உள்ளே வைத்தால் காதுக்குள் விரிந்து நன்றாக அடைக்கும். ஆனால் கொழும்பு வியர்வைக்கும் காதழுக்குக்கும் அது சீக்கிரம் பழுதாகிவிடும், அந்தச் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

ரப்பருக்கு அடுத்தது கூட்டின் அளவு. துவாரத்துக்கு வெளியே, மடலின் கிண்ணத்துக்குள் உட்காரும் அந்த பிளாஸ்டிக் பகுதி. கண்ணாடி முன் நின்று பாருங்கள், அது மடலின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அந்த இடம் நோகும். கடையில் இரண்டு நிமிடத்தில் இது தெரியாது. காதைச் சுற்றி வயர் போகிற சீன இயர்போன்கள் சிலவற்றில் கூடு பெரிதாக இருக்கும், சத்தம் அருமையாக இருந்தும் சின்னக் காது உள்ளவர்களுக்கு அது சரிவராது. மாமாவின் மகளுக்கு அப்படி ஒன்று பிடித்துப்போய் நானே எடுத்துக் கொடுத்தேன், இப்போது அது தம்பியிடம் இருக்கிறது, அவனுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

இனி சத்தம். எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது என்று கேட்பார்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை வையுங்கள், அதில் எங்கே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால், நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் மிகக் கடுமையான சோதனை நாதஸ்வரமும் தவிலும். மனிதக் காது அதிகம் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில், நாதஸ்வரத்தின் பளபளப்பு தூக்கலாகத் தெரிவதும் அங்கேதான். மலிவான இயர்போன்களில் "கிளியர் சவுண்ட்" என்று காட்டுவதற்காக இந்தப் பகுதியைத் தூக்கி வைத்திருப்பார்கள். சினிமாப் பாட்டில் அது முதலில் நன்றாகத்தான் இருக்கும். கோயில் ஊர்வலத்தில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி ஒன்றை வைத்துப் பாருங்கள், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கை தானாக வொல்யூமைக் குறைக்கப் போனால் அந்த இயர்போனோடு நீங்கள் நீண்ட நேரம் இருக்கமுடியாது.

தவிலில் கேட்கவேண்டியது வேறு. வலது பக்கமான வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், இடது பக்கமான தொப்பியில் கம்பு. கூடு போட்ட விரல்களின் வேகமான சொற்கள் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்கவேண்டும், அதே நேரம் தொப்பியின் அடி வயிற்றில் விழவேண்டும். பேஸைக் கண்டபடி கூட்டி வைத்த இயர்போனில் தொப்பியின் சத்தம் பரவிப்போய் விரல் வேலையை மூடிவிடும். மிருதங்கத்திலும் இதைப் பார்க்கலாம், இடது பக்கத்தில் ரவை பூசிய தொப்பியின் குமுக்கு என்ற ஆழ்ந்த ஒலி ஒரு இடத்தில் தொடங்கி ஒரு இடத்தில் முடியவேண்டும், இழுபடக்கூடாது. பேஸ் நிறைய இருப்பதும் பேஸ் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்பதை எனக்குக் காட்டியது இந்த இரண்டு வாத்தியங்களும்தான்.

குரலுக்கு, ஸகரமும் ஷகரமும் நிறைய வருகிற ஒரு பக்திப் பாட்டு போதும். "சரவணபவ", "ஷண்முகா" என்று வரும் இடங்களில் காதுக்குள் சீறினால் மேல்பகுதி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அப்புறம் வானொலிச் செய்தி, ஆண் வாசிப்பது ஒன்று, பெண் வாசிப்பது ஒன்று. ஆண் குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா அல்லது மூக்கிலிருந்தா, பெண் குரல் மெலிந்து போகிறதா என்று கேளுங்கள். பகல் முழுக்கக் கோல்களில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பாட்டை விட இதுதான் முக்கியம். குரல் தலைக்கு நடுவில் கேட்கவேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு டிரைவரும் ஒரே அளவில் வேலை செய்யவில்லை. மலிவான பொருட்களில் இதைக் கட்டாயம் பாருங்கள், ஒரே மொடலில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்த பெட்டியில் இருப்பது சாய்ந்திருக்கும்.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது ஒரு விஷயம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் மூளை அதைத் "தெளிவு" என்று எடுத்துக்கொள்ளும். போனில் வொல்யூமை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றைக் கழற்றி மற்றதைப் போட்டால், எது அதிகம் சத்தம் போடுகிறதோ அதுதான் வெல்லும், தரம் வெல்லாது. செய்திக் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும் வரை வொல்யூமைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு பாட்டுக்குப் போங்கள். கேட்கும் பதிவும் நல்லதாக இருக்கட்டும். யாரோ பழைய கசெட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றிய பாட்டை வைத்து மேல்சத்தம் இல்லை என்று இயர்போனைக் குறை சொல்லக்கூடாது. எஃப்எம் வானொலியிலும் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் அனுப்பப்படுவதில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் "20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை" என்ற வரியை நான் வாசிப்பதே இல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். அந்த எல்லைக்குள் எந்த இடம் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்பதுதான் சத்தத்தின் குணம், அதைப் பெட்டி சொல்லாது. டிரைவர் 13 மில்லிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டரை விட நல்லது என்பதும் அப்படித்தான். விலையும் பெரிய வழிகாட்டி இல்லை. 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்திருந்தார்கள், அவை எழுப்பும் சத்தத்தின் அமைப்புக்கும் அவற்றின் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. காசு குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. 2022இல் வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டும் 20 டொலரளவில் வந்த வயர் இயர்போன்கள், அவற்றைப் பொருத்தமான ரப்பரோடு கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

ஆனால் வீட்டில் அமைதியாக இருந்து கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். கட்டிலில் சாய்ந்து கேட்பதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் சரி. மற்றவர்கள் அதைக் காலி வீதியில் கேட்டுப் பார்க்கவேண்டும். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் பின்பக்கத்து சீட்டில் இருந்தால் எஞ்சின் உறுமல் சீட்டின் வழியாகவே உடம்புக்குள் ஏறும், மேலே ஸ்பீக்கரில் சிங்களப் பாட்டு, வாசலில் "கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று கோட்டையையும் புறக்கோட்டையையும் சிங்களத்தில் கூவும் நடத்துனர். அந்த உறுமல் கீழ்சத்தம், அது பாட்டின் கீழ்சத்தத்தை விழுங்கிவிடும். வீட்டில் பேஸ் தாராளமாக இருந்த இயர்போன் பஸ்ஸில் வெறும் மேல்சத்தமாகக் கேட்பது அதனால்தான். அப்போது எல்லோரும் செய்வது வொல்யூமைக் கூட்டுவது, கூட்டினால் மேல்சத்தமும் சேர்ந்து கூடும், இறங்கும்போது காதுக்குள் இரைச்சல். நன்றாக அடைக்கும் ரப்பர் இருந்தால் அதே பஸ்ஸில் பாதி வொல்யூம் போதும்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் காது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான், 100 டெசிபல் என்றால் 20 நிமிடம். கூடக் கூட நேரம் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது பாருங்கள். ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள் ஓன்லைன் வகுப்பு, பாட்டு, கேம் என்று காலையிலிருந்து இரவு வரை காதில் போட்டிருக்கிறார்கள், உள்காதில் செத்துப்போன நுண்மயிர்க் கலங்கள் திரும்ப வளராது. சத்தமான இடத்தில் குறைந்த வொல்யூமில் கேட்கக்கூடிய இயர்போன்தான் நல்ல இயர்போன் என்று நான் நினைப்பது இதனால்.

பஸ் சத்தத்துக்காக ஏஎன்சி, அதாவது வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி, உள்ள பட்ஸ் (வயரில்லாத புளூடூத் இயர்போன்) வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அது எதைக் குறைக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். எஞ்சின் உறுமல், ஃபேன், ஏசி என்று ஒரே சீராக ஓடும் கீழ்சத்தத்தை அது குறைக்கும். ஹோர்ன், நடத்துனரின் குரல், பக்கத்து சீட்டுக்காரர் கதைப்பது, இவற்றை ரப்பர்தான் குறைக்கவேண்டும். ரப்பர் அடைக்காவிட்டால் ஏஎன்சியும் ஒழுங்காக வேலை செய்யாது. இன்னொன்று, மலிவான பட்ஸ் பெட்டிகளில் பெரிய எழுத்தில் "ஈஎன்சி" என்று போட்டிருப்பார்கள். அது உங்கள் காதுக்கு இல்லை, நீங்கள் கதைக்கும்போது மறுபக்கத்தில் கேட்பவருக்குச் சுற்றுச்சத்தத்தைக் குறைப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கியவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாலையில் கடற்கரைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நடக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அங்கே இரண்டு காதிலும் எதுவும் வேண்டாம். கடல் இரைச்சலில் ரயில் சத்தம் வெறும் காதுக்கே சில நேரம் பிந்தித்தான் வரும்.

தலையில் மாட்டும் ஹெட்போன் பற்றிக் குறைவாகத்தான் சொல்லமுடியும், இந்த ஊர் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் காதை முழுக்க மூடும் ஹெட்போனை ஏசி இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட முடிவதில்லை. மலிவான ஹெட்போன்களின் மெத்தைக்கு மேலே இருக்கும் செயற்கைத் தோல் ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். மெத்தை தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா என்று வாங்கும்போதே பாருங்கள், துணி மெத்தை இருந்தால் அதை எடுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடைவெளியால் பேஸ் ஒழுகும், கூடவே காதுக்கு மேலே அந்தக் கால் அழுத்தும். தோடு போடுகிறவர்கள் காதுக்கு மேலே உட்காரும் சின்ன ஹெட்போன்களை எடுக்கும்போது தோட்டோடு போட்டுப் பார்க்கவேண்டும். தோட்டின் பின்பக்கச் சுரை கழுத்துப் பக்கம் குத்தத் தொடங்கினால் எந்த நல்ல சத்தமும் காதில் ஏறாது. என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா தலையில் ஸ்கார்ஃப் போடுகிறவர். ஸ்கார்ஃபுக்கு மேலே ஹெட்போன் போட்டால் துணி இடையில் வந்து சத்தம் மந்தமாகிறது, நீட்டுத் தண்டுள்ள பட்ஸ் துணியில் சிக்கிக் கழன்று வருகிறது, துணி உரசும்போதெல்லாம் தொடு பட்டன் வேலை செய்து பாட்டு நின்றுவிடுகிறது. கடைசியில் தண்டில்லாத, பட்டனை அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற சின்ன பட்ஸ்தான் அவருக்குச் சரிவந்தது. பெட்டிப் படங்களில் இப்படிப்பட்ட காதுகள் இருப்பதில்லை, அதனால் நாங்கள்தான் பார்த்து வாங்கவேண்டும்.

அம்மாவின் தேவை இவை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம். அவருக்குக் கனடாவில் இருக்கும் சின்னம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைக்கவேண்டும், கதைத்துக்கொண்டே கறி வைக்கவேண்டும், குக்கர் விசில் எத்தனை என்றும் கேட்கவேண்டும். காதை அடைக்கும் இயர்போனைக் கொடுத்தால் "என்ர குரல் எனக்கே இடிக்குது பிள்ளை" என்று கழற்றிவிடுவார். முன்பு சொன்ன குடத்துக் குரல்தான், பாட்டுக்கு அது நல்ல அடையாளம், கதைப்பதற்கு அது தொல்லை. அவருக்கு ரப்பர் இல்லாமல் மடலில் சும்மா உட்காரும் வயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீதான் சரி. பேஸ் இருக்காது, அம்மாவுக்கு அது தேவையும் இல்லை, குரல் தெளிவாகக் கேட்கிறது, வீட்டுச் சத்தமும் கேட்கிறது, சார்ஜ் போடத் தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாட்களில் போனை எஃப்எம்மில் போட்டு இருட்டுக்குள் செய்தி கேட்டதும் அதே ஹேண்ட்ஸ்ஃப்ரீயில். போனில் எஃப்எம் வேலை செய்ய அந்த வயர்தான் அன்டெனா, புளூடூத் பட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அது நடக்காது.

புளூடூத் பட்ஸ் பற்றி அலுவலகத்தில் நான் அடிக்கடி விளக்குவது ஒன்று. லெப்டொப்பில் பாட்டு நன்றாகக் கேட்கும், மீட்டிங் தொடங்கியதும் எல்லாம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். பட்ஸ் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். பழுதில்லை. பட்ஸின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் புளூடூத் பாட்டு முறையிலிருந்து கோல் முறைக்கு மாறிவிடுகிறது, அந்த முறையில் சத்தத்துக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. செட்டிங்கில் மைக்குக்கு லெப்டொப்பின் சொந்த மைக்கையும், கேட்பதற்கு மட்டும் பட்ஸையும் தெரிவு செய்துவிட்டால் சத்தம் திரும்ப வந்துவிடும். பட்ஸின் மைக் எப்படி என்று பார்க்க, பஸ் ஹோல்ட்டில் நின்றுகொண்டு உங்களுக்கு நீங்களே ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள், கடைக்காரரும் பெட்டியும் சொல்வதை விட அது நிறையச் சொல்லும்.

வாங்கும் இடம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விலை குறைவு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் கொஞ்சம் கூட இருந்தாலும் நின்று நிதானமாகக் கதைத்து வாங்கலாம். காதுக்குள் போடும் பொருள் என்பதால் பிரித்துப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். நான் பையில் என்னுடைய ரப்பர் ஒரு சோடி சின்ன டப்பாவில் வைத்திருப்பேன். "நானா, என்ர ரப்பரை மாட்டிப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டால் காட்சிக்கு வைத்திருக்கும் ஒன்றைத் தருவதுண்டு. "பாருங்க தங்கச்சி, ஆனா வொல்யூமை மெதுவா கூட்டுங்க" என்று ஒருவர் சொன்னார், அன்றைக்கே அவரிடம் வாங்கிவிட்டேன், பொருளைப் பற்றித் தெரிந்தவர் அவர். பெரிய பிராண்டின் பெயர் போட்ட பட்ஸ் நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் அது கொப்பி. கொப்பியில் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை, அதற்குள் இருக்கும் பற்றரி எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது, அதைக் காதுக்குள் வைக்கவேண்டுமா என்று யோசியுங்கள்.

பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பாட்டில் வாத்தியம் கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் போய்விட்டது என்றால், பெரும்பாலும் வயர் இயர்போனை போனில் செருகும் ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஜாக்குக்குப் பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி அறுந்திருக்கிறது. போனின் துளைக்குள் சட்டைப்பைத் தூசி அடைந்திருந்தாலும் இது நடக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், ரப்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காதழுக்கு படிந்து அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழும். தண்ணீரும் ஊசியும் வேண்டாம். ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். "இடது பக்கம் செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் பல இப்படித் துடைத்ததோடு சரியாகியிருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு உண்மையாகவே பழுதென்றால் வாரண்டிக்குப் போகவேண்டும், அதற்கு பில் வேண்டும். கடைகளில் தரும் பில் அனேகமாக வெப்பத்தில் அச்சடிக்கிற தாள், இந்த ஊர்ச் சூட்டில் பர்ஸுக்குள் இருந்தே சில மாதத்தில் எழுத்து அழிந்து வெறுந்தாளாகிவிடும். வாங்கிய கையோடு, கடை வாசலிலேயே, பில்லையும் பெட்டியில் இருக்கும் சீரியல் இலக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.